முப்பத்து மூன்றாம் பக்கம்

புக்கிட் ரோத்தான் ஊரில் ஹலீமாவின் மளிகைக் கடையில், அரிசி மூட்டைகளுக்கும் ஊதுபத்திப் பெட்டிகளுக்கும் நடுவே ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதில் நானூறு நாவல்கள். எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்த மலிவுப் பதிப்புகள். காதல், கொலை, பேய், ராஜா ராணி, மாமியார் மருமகள், கொஞ்சம் விண்வெளி. வாடகைக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும். கைப்பேசி வந்து பாதிப் பேரைக் கொண்டுபோன பிறகும் ஒரு பதினைந்து பேர் விடாமல் படித்தார்கள்.

இந்தக் கதைகளில் ஒரு தொல்லை இருந்தது. எந்த அட்டையை எடுத்தாலும் ஒரு பெண்ணின் கண், பக்கத்தில் ஒரு நிலா. எந்தத் தலைப்பை எடுத்தாலும் அதில் 'நீ' அல்லது 'நிழல்'. ஏற்கெனவே படித்ததா இல்லையா என்பது வீட்டுக்குப் போய் இருபது பக்கம் தாண்டினால்தான் தெரியும். அதனால் வாசகர்கள் தங்களுக்குள் ஒரு வழி வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். படித்து முடித்ததும் தன் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஓர் அடையாளம். லோரி ஓட்டும் சுகுமாறனுக்கு நூறாம் பக்கம். ஒரு வட்டம் போடுவார், டயராம். உஷாராணிக்கு ஒன்பதாம் பக்கம், ஒரு பூ. ரமணிக்கு முப்பத்து மூன்று. முதலில் அவள் வெறும் கோடுதான் போட்டாள். பிறகு கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதினாள். பிறகு கோடு போய், வரிகள் மட்டும் நின்றன.

ரமணியின் கணவன் விமலனுக்கு இது எதுவும் தெரியாது. அவன் செம்பனை எண்ணெய் ஆலையில் லேப்பில் வேலை பார்த்தான். வேதியியல் படித்தவன். கதை படிக்கமாட்டான். நடக்காத ஒன்றை எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பான்.

சென்ற ஆண்டு டிங்கிக் காய்ச்சலில் ரமணி ஐந்து நாளில் போய்விட்டாள். இருபத்தொன்பது வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, அவள் கைப்பையிலும் கட்டிலுக்கு அடியிலுமாக ஆறு புத்தகங்கள் கிடைத்தன. எல்லாவற்றிலும் ஹலீமா கடையின் முத்திரை. புரட்டினான். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தின் ஓரம் முழுக்கப் பென்சில் எழுத்து. அவள் எழுத்து.

அதைப் படிக்க அவனால் முடியவில்லை. ஆனால் அடுத்தவர் புத்தகம். எழுதி அழுக்காக்கித் திருப்பித் தருவது சரியில்லை என்று பட்டது. ரப்பரை எடுத்து, கண்ணை எழுத்தில் நிறுத்தாமல், ஆறையும் அழித்தான். தூளை ஊதித் தள்ளினான். அந்த வாரத்தில் அவன் முழுசாகச் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான். மறுநாள் ஹலீமா கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

எட்டு மாதம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மிளகாய்த்தூள் வாங்கப் போயிருந்தான். அவனுக்கு முன்னால் நின்ற சுகுமாறன் ஒரு புத்தகத்தை மேசைமேல் பொத்தென்று போட்டார்.

"என்ன ஹலீமாக்கா இது? முப்பத்து மூணு காலி. போன வாரம் எடுத்ததும் காலி. தங்கச்சி கடைசியாப் படிச்சதெல்லாம் எவனோ அழிச்சு வச்சிருக்கான் லா."

"அழிச்ச கைய ஒடிக்கணும்," என்றாள் ஹலீமா. அப்புறம்தான் விமலனைப் பார்த்தாள். "அடடே, வா தம்பி. என்ன வேணும்?"

"மிளகாய்த்தூள்," என்றான். "என்ன அழிஞ்சுபோச்சு?"

சுகுமாறன் திரும்பினார். சபாக்கிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்கு வருபவர். விமலனைத் தெரியும். ரமணி யாருடைய மனைவி என்பதும் தெரியும். குரல் இறங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியாதா தம்பி? தங்கச்சி ஒவ்வொரு கதைக்கும் எழுதி வைக்குமே. நாங்க மொதல்ல முப்பத்து மூணத்தான் பொரட்டுவோம். அப்புறம்தான் எடுக்கிறதா வேணாமான்னு."

ஹலீமா அலமாரிக்குப் போய் ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றையும் சரியாக அந்தப் பக்கத்தில் திறந்து அவன் முன்னால் பரப்பினாள். அவன் பார்க்கமாட்டேன் என்று சொல்வதற்குள் படித்துவிட்டான்.

ஒரு காதல் கதையில்:

'கதாநாயகனுக்கு ஆறடி உயரம், சொந்தக் கம்பெனி, மூக்குமேல் கோபம். அவனுக்கு யார் சமைக்கிறார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நின்று ஒன்றும் பேசாத இரண்டு பக்கம் நிஜம். அந்த இரண்டு பக்கத்துக்காகப் படிக்கலாம்.'

ஒரு ராஜா ராணிக் கதையில்:

'இளவரசி முந்நூறு பக்கம் குதிரையில் போகிறாள். குதிரைக்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை.'

ஒரு குடும்பக் கதையில்:

'மாமியார் கடைசி அத்தியாயத்தில் திருந்துகிறார். ஏன் என்று அவருக்கே தெரியாது. அதுவரை அவர்தான் கதையிலேயே நல்ல பேச்சுப் பேசியவர். திருந்தியதும் வாய் செத்துவிட்டது.'

கொலைக் கதையில் ஒரே வரி: 'யாரோ ஒரு டம்ளரைக் கழுவி வைக்கிறார்கள். அதற்குமேல் சொல்லமாட்டேன்.'

விண்வெளிக் கதையில்:

'இயந்திர மனிதனுக்குக் காதல் வர நூற்றிருபது பக்கம் ஆகிறது. எங்கள் வீட்டு விஞ்ஞானிக்கு அதைவிடக் கூட. வந்த பிறகு இரண்டு பேரும் பரவாயில்லை.'

விமலன் அதை இரண்டாம் தடவை படித்தான்.

"அது உங்களத்தான்," என்றார் சுகுமாறன். "நீங்க பாகற்காய் திங்கமாட்டீங்கன்னுகூட எங்களுக்குத் தெரியும். அது ஒரு பழைய பேய்க் கதையில இருக்கு."

"அந்த அழிச்ச கழுத யாருன்னு மட்டும் தெரிஞ்சுச்சு…" என்று ஹலீமா மறுபடி ஆரம்பித்தாள்.

"நான்தான்," என்றான் விமலன்.

ஹலீமா கையில் மிளகாய்த்தூள் பொட்டலம் அப்படியே நின்றது.

"நான்தான் அழிச்சேன் அக்கா. ஆறையும். உங்க புத்தகத்துல அவ கிறுக்கி வச்சிருக்கான்னு நெனச்சேன்."

"படிச்சுப் பாக்காமயா?"

"படிக்காமதான்."

ஹலீமா பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "நான் இப்ப பேசுனத மனசுல வச்சுக்காத தம்பி. கைய ஒடிக்கணும்னேன்…"

"ஒடிக்கலாம்."

"அட, ஒடிச்சா லேப்புல எண்ணெய யாரு பாக்குறது?" என்றார் சுகுமாறன். "அப்புறம் என் லோரி கேட்டுக்கு வெளிய நிக்கும். வேணாம் லா."

விமலனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆறு புத்தகங்களையும் கேட்டான். நான்கு அலமாரியில் இருந்தன. ஒன்று சுகுமாறன் இப்போது கொண்டுவந்தது. ஆறாவது உஷாராணியிடம். உஷா ரமணியோடு மேருவில் கையுறை ஆலையில் வேலை பார்த்தவள். ஐந்து ஆண்டுகள் ஒரே வேனில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. வீடு பின்தெருவில்தான். ஹலீமா போன் செய்ததும் புத்தகத்தோடு வந்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் விமலனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அது அவனுக்கு ஒருவகையில் ஆறுதலாக இருந்தது. எட்டு மாதமாக எல்லாரும் அவனைப் பரிதாபமாகவே பார்த்தார்கள்.

"பெரிய படிப்புப் படிச்சவரு. ரப்பர் எதுக்குன்னு மட்டும் நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்கண்ணே."

"ஆறுலயும் என்ன எழுதுனான்னு உனக்குத் தெரியுமா உஷா? வேன்ல சொல்லியிருப்பாளே."

"எங்கிட்டச் சொல்லமாட்டா. அடுத்து நான்தான் படிக்கப் போறேன், கதைய ஒடைக்கக்கூடாதுன்னு வாயத் தெறக்கமாட்டா."

விமலன் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்தான். லேப்பில் கண்ணாடிக் குழாயில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் அதே சாய்வு. ரமணி பென்சிலை அழுத்தாமல் எழுதுபவள். வரிகள் சுத்தமாகப் போயிருந்தன. ஆனால் கடைசியில் ஒரு சொல்லை மட்டும் அழுத்தி எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாள். அதன் தடம் காகிதத்தில் பள்ளமாகக் கிடந்தது.

'பசியாற.'

மற்றவற்றையும் பார்த்தான். ஆறில் நான்கில் அதே சொல். இரண்டில் ஒன்றுமில்லை.

"ஓ, அதா?" என்றார் சுகுமாறன். "அது பழைய புத்தகத்துலயும் சிலதுல இருக்கும் தம்பி. கடைசிக் கொஞ்ச நாளாத்தான் எழுதிக்கிட்டிருந்துச்சு. காலையில பசியாறும்போது படிக்க வேண்டிய கதைன்னு அர்த்தம். நான் ரொட்டி சானாயோட அப்படித்தான் படிக்கிறேன். நல்லாத்தான் இருக்கு."

"அப்படி இல்ல," என்றாள் ஹலீமா. "பசியாறன்னா காலையில லேசாத் திங்கிறது. சோறு மாதிரி கனமில்லாத கதைன்னு சொல்லுது. மார்க்கு போடுது."

"ரெண்டும் இல்ல," என்றாள் உஷா. "கனமான கதையிலயும் போட்டிருக்கா. அப்புறம், அவ எங்க பசியாறுனா? அஞ்சரை மணிக்கு வேன். வயித்தக் கலக்கும்னு ஒரு பிஸ்கட்டுகூடத் தொடமாட்டா. ஆறு நாளும் வெறும் வயிறு. எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பசியாறுவோம்னு சொல்லுவா."

விமலன் புத்தகத்தை மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்குத் தோசை. அவள் ஊற்றிக்கொண்டே பேசுவாள். உட்கார்ந்த பிறகும் பேசுவாள். யாரோ ஒருத்தி யாரையோ ஏமாற்றினாள், யாரோ மலையிலிருந்து விழுந்தான். அவன் போனைப் பார்த்துக்கொண்டு 'ம்' போடுவான். உறவுக்காரர்களைப் பற்றிப் பேசுகிறாள் என்றே பல நாள் நினைத்திருக்கிறான்.

அது கதைக்குப் போட்ட மார்க்கு இல்லை. மறக்காமல் இருக்க அவள் தனக்கே எழுதிக்கொண்ட குறிப்பு. பசியாறும்போது அவனுக்குச் சொல்ல வேண்டிய கதைகள்.

"எங்கிட்டத்தான் சொல்லியிருக்கா," என்றான்.

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"நாலையும் எங்கிட்டச் சொல்லியிருக்கா. நான்தான் கேக்கல."

உஷாவின் கோபம் போய்விட்டது. அது போனது அவனுக்கு வருத்தமாக இருந்தது. ஹலீமா ஆறு புத்தகங்களையும் பழைய செய்தித்தாளில் கட்டி, மிளகாய்த்தூளோடு அவன் கையில் கொடுத்தாள்.

"வாடகை வேணாம். எடுத்துட்டுப் போய்ப் படி. நெனவுக்கு வர்றத எழுதிக் கொண்டா. அழிச்சவன்தான் எழுதணும்."

"வரலன்னா?"

"வரலன்னா வெறுமனே கொண்டா."

மறுநாள் காலை சமையலறை மேசையில் உட்கார்ந்து, அந்த ஆறில் தடமில்லாத ஒரு கொலைக் கதையை முதலில் எடுத்தான். எதற்கும் ஒத்திகை போல. ஒரு டாக்டர் சாகிறார். நாற்பது பக்கத்தில் அலுத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. அவள் கண் போன வழியில் தன் கண்ணும் போகிறது என்ற நினைப்பு இருந்தது. நூற்று அறுபது பக்கம் முடித்தபோது வெயில் ஏறியிருந்தது. ரமணியின் வார்த்தை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இதை அவள் அவனிடம் சொல்லவே இல்லை. அதில் எழுதியிருந்தது போனது போனதுதான். அன்று வேறு எதையும் தொடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேய்க் கதை. தடம் இருந்தது. ஒரு ரயில் நிலையக் குடியிருப்பில் செத்துப்போன பெண் ஒருத்தி தினமும் வருகிறாள். யாரையும் அடிப்பதில்லை, கழுத்தைப் பிடிப்பதில்லை. வீட்டில் எரியும் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுப் போகிறாள். கடைசியாக அடுப்படி விளக்கு. விமலன் தோசையைப் பிட்டான். கடையில் வாங்கியது, ஆறிப்போயிருந்தது. அடுத்த வரியைப் படிக்குமுன் காதில் விழுந்துவிட்டது.

"பாருங்களேன், செத்த பெறகும் கரண்டு பில்லு கவல!"

அவள்தான். கரண்டியும் கையுமாக. அவன் அன்று போனிலிருந்து தலையை எடுத்து, "நல்ல பேயி," என்று சொல்லியிருந்தான். அதற்கு அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தாள். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்களா! நான் சுவத்துகிட்டப் பேசுறேன்னு நெனச்சேன்." சிரித்து முடித்ததும் சொன்னாள்: "பயமே வரலங்க. பாவமாத்தான் இருக்கு. அவளுக்கு வேற எதுவும் தொடத் தெரியல, சுவிச்சு மட்டும்தான்."

விமலன் எழுந்து ரமணியின் பென்சிலைத் தேடினான். கிடைக்கவில்லை. தன் பேனாவை எடுத்தான், வைத்தான். கடைக்குப் போய்ப் பென்சில் வாங்கிக்கொண்டு வந்து, அவள் சொன்னதைச் சொன்னபடி முப்பத்து மூன்றாம் பக்கத்தில் எழுதினான். அவன் எழுத்து கட்டையாக இருந்தது. எழுதி முடித்த பிறகு மேசையில் தலையை வைத்து அழுதான். எட்டு மாதத்தில் முதல் தடவை. காரியத்தன்றுகூட வராத அழுகை, கரண்டு பில்லுக்கு வந்தது.

ஐந்து ஞாயிறு அப்படிப் போயிற்று. ராஜா ராணிக் கதையில் பாதிதான் வந்தது: தளபதியின் மீசையைப் பற்றி ஏதோ சொன்னாள், என்னவென்று பிடிபடவில்லை. 'மீசையைப் பற்றி ஏதோ' என்று நேர்மையாக எழுதினான். குடும்பக் கதையில் ஒன்றுமே வரவில்லை. அதைச் சொன்ன ஞாயிறு அவன் போனில் பந்து விளையாட்டுப் பார்த்திருக்க வேண்டும். இன்னொரு தடமில்லாத கதை, கொலையைப் போலவே போயிற்று.

கடைசியாகக் காதல் கதை. அதில் காதல் கல்யாணத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. புருஷன் கெட்டவன் இல்லை. அடிக்கமாட்டான், குடிக்கமாட்டான். ஆனால் பக்கத்தில் இருக்கும்போது இருக்கமாட்டான். அவள் பத்து வருஷம் பொறுக்கிறாள், ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். அவன் பேருந்தில் ஏறி, அவள் இருக்கைக்குப் பக்கத்தில் நின்று, எல்லார் முன்னாலும், "நான் கவனிக்கல. மன்னிச்சிரு," என்கிறான். அவ்வளவுதான். அவள் நகர்ந்து இடம் விடுகிறாள். கதை முடிகிறது.

விமலன் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தான். நினைவு தேட வேண்டியிருக்கவில்லை. இதை அவள் சொன்னது காய்ச்சல் வருவதற்கு முந்தின ஞாயிறு.

"பத்து வருசம் காக்க வச்சுட்டு ஒரே ஒரு மன்னிப்பு. போதுமா, சொல்லுங்க."

"ம்."

"போதும்ங்க. எல்லாரும் போதாதுன்னு சொல்லுவாங்க. ஆனா அவன் பஸ்ஸுல ஏறி வந்தான்ல. போதும்."

சனிக்கிழமை புத்தகங்களைத் திருப்பிக் கொண்டுபோனான். கடையில் உஷா இருந்தாள். சுகுமாறன் வாசலில் லோரியை நிறுத்திவிட்டு, என்ஜினை அணைக்காமலே உள்ளே வந்தார்.

ஹலீமா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பேய்க் கதையில் சிரித்தாள். "இது ரமணிதான். அப்படியே ரமணி." மீசையில் நிமிர்ந்து அவனைப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். காலியாக இருந்த மூன்றையும் மூடி ஓரமாக வைத்தாள். காதல் கதையைத் திறந்ததும் நின்றுவிட்டாள்.

"இதுல ரெண்டு இருக்கே தம்பி."

மேலே ரமணி சொன்னது இருந்தது. 'பத்து வருஷத்துக்கு ஒரே ஒரு மன்னிப்பு. போதுமா? போதும். அவன் பஸ்ஸில் ஏறி வந்தான்.' அதற்கடியில், அதே கட்டை எழுத்தில், ஒரு சொல்.

'போதாது.'

"கீழ எழுதுனது யாரு?" என்றார் சுகுமாறன், எட்டிப் பார்த்து.

"நான். அது என் கருத்து."

"கதையே படிக்கமாட்டேன்னு சொன்ன ஆளுக்குக் கருத்து வேறயா?"

"ஆறு படிச்சிருக்கேன்," என்றான் விமலன். "இந்த ஒண்ணுல மட்டும் எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல. அவன் ஒரே வரியில தப்பிச்சுட்டான். அவன் என்னத்தக் கவனிக்கலன்னு அவனுக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒவ்வொண்ணாச் சொல்லிருக்கணும். பஸ்ஸு எந்த ஊரு போனாலும் சொல்லிக்கிட்டே போயிருக்கணும். அவளுக்கு எளகுன மனசு, விட்டுட்டா. நான் விடமாட்டேன்."

அவன் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி அவர்கள் யாரும் கேட்டதில்லை. அவனே கேட்டதில்லை.

"புருஷன் பொண்டாட்டி சண்டையெல்லாம் வீட்டோட வச்சுக்கணும் தம்பி," என்றாள் ஹலீமா. "வாடகைப் புத்தகத்துல எழுதக்கூடாது." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ரப்பர் தரவா?"

"வேணாம்."

உஷா ஹலீமாவின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். முப்பத்து மூன்றாம் பக்கத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். பிறகு பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"திங்கக்கிழமை வேன்ல ஆரம்பிக்கிறேன்," என்றாள். "எனக்கு அவ பக்கம்தான் பேசத் தோணும், முன்கூட்டியே சொல்லிட்டேன்."

"பேசு," என்றான் விமலன். "படிச்சுட்டு வந்து பேசு."